பப்பாளி சாரும் ஏழைக் கூண்டும்

கோழிக்குச் செரிமானம் சரியாக ஆகிறதா என்று கவலைப்பட்டே உடல் இளைத்துப்போன மனிதர், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர் வீட்டில் இருந்தார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றும், வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்றுமாக இரண்டு பெயர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். தெருவில் யாருக்கும் இரண்டுமே தெரியாது. அவர் பப்பாளி சார். தபால்காரர் கூட உறையின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, "பப்பாளி சாருக்கா இருக்கும்" என்று அங்கே போட்டுவிட்டுப் போவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நானும் சரோஜாவும் கல்யாணமான மறு வருஷம் அந்தத் தெருவுக்குக் குடிவந்தோம். எழுபதுகளின் தொடக்கம். வந்த மூன்றாம் நாள் காலையில் பல்பொடியும் கையுமாகப் பின்பக்கம் போனேன். எங்கள் பப்பாளி மரத்தடியில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, மெலிந்த மனிதர் ஒருவர் பச்சைக் காய்க்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"யாருங்க?" என்றேன்.

"எதிர் வீடு" என்றார், திரும்பாமலே. "பயப்படாதீங்க. காயை எடுக்கமாட்டேன். பால் மட்டுந்தான்."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். காயில் பிளேடால் மேலிருந்து கீழாக நான்கு கோடுகள் கிழித்திருந்தார். கசிந்த வெள்ளைப் பாலை ஒரு கண்ணாடித் தட்டில் சொட்டுச் சொட்டாக ஏந்திக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க இது?"

"கோழிக்கு."

"கோழி பப்பாளிப் பால் குடிக்குமா?"

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் முதல் கேள்விக்கே தவறாகப் பதில் எழுதியவனைப் பார்க்கிற பார்வை. "உங்க வீட்ல மட்டன் வேகலைன்னா என்ன போடுவீங்க?"

மட்டன் வேகாதபோது நான் சத்தம் போட்டிருக்கிறேன். வேறு எதையும் போட்டதில்லை. நான் விழிப்பதைப் பார்த்துச் சமையலறை ஜன்னலிலிருந்து சரோஜா பதில் சொன்னாள்: "பப்பாளிக்காய் ஒரு துண்டு."

"கரெக்ட். அம்மாவுக்குத் தெரியுது பாருங்க" என்றார். "அதுல இருக்கற சரக்குக்குப் பேரு என்சைம். கறியைப் பொடிப்பொடியா உடைச்சுக் குடுக்கும். சட்டியில செய்யற வேலையைக் கோழி வயித்துல செய்யாதா?"

சொல்லிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு மரத்துக்குப் போய்விட்டார். அந்தத் தெருவில் பிளேடு படாத பப்பாளி மரமே கிடையாது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். எல்லாக் காய்களும் சண்டையில் நகக்கீறல் வாங்கியது போலவே பழுக்கும்.

அவர் கிண்டிப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, எல்லாருக்கும் டீச்சர். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை ஒன்றில் கோழிகள் இருந்தன. அதுவும் சாதாரணக் கோழிகள் இல்லை, ப்ராய்லர். கறிக்காகவே வளர்க்கிற அந்த வெள்ளைக் கோழி அப்போதுதான் எங்கள் பக்கம் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. வெள்ளையாக இருக்கிற எந்தக் கோழியையும் முட்டைக்கு வளர்க்கிற லகான் கோழி என்றே சொல்லிப் பழகிய ஊர் எங்களுடையது. அதில் அவருக்கு மகா வருத்தம்.

"இன்னா சார், லகான் கோழி இன்னும் முட்ட வைக்கலியா?" என்பாள் தெருவுக்குப் பால் ஊற்றும் கன்னியம்மா.

"இது லகான் இல்ல கன்னியம்மா. ப்ராய்லர். முட்டைக்கு இல்ல, கறிக்கு."

"கறிக்குன்னா அட்ச்சி துன்ன வேண்டியதுதான? அதுக்கு இன்னாத்துக்கு மருந்து?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அவர் காத்திருப்பார். கோழித் தீவனத்தில் மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் உண்டு. இதில் புண்ணாக்கும் கருவாடும்தான் புரோட்டீன். விலை அதிகமானதும் அவைதான். ஆனால் கோழி தின்கிற புரோட்டீன் முழுவதும் அதன் உடம்பில் ஒட்டுவதில்லை. ஒரு பங்கு செரிக்காமலேயே கீழே போய்விடுகிறது. அந்த எச்சத்தின் நாற்றமே அதற்குச் சாட்சி. செரிக்கிற சக்தியை நாம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால், தீவனத்தில் புரோட்டீனைப் பாதியாகக் குறைக்கலாம். ஏழை எளியவர்கள் வீட்டிலும் கறிக்கோழி வளர்க்கலாம். இதுதான் அவர் கட்சி. கம்பெனிக்கு வருகிற வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்தாராம். அங்கே அந்த என்சைமை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். இங்கே டப்பா வராது, பப்பாளி வரும்.

பப்பாளிப் பால் வெயிலில் காய்ந்து, சுரண்டப்பட்டு, பொடியாகிப் பாட்டிலில் ஏறும். புரோட்டீனை உடைக்க அது. மாவுப் பொருளை உடைக்க முளைகட்டிய கேழ்வரகு. ஒரு தடவை கேழ்வரகை ஊறவைத்து, கைக்குக் கிடைத்த துணியில் மூட்டை கட்டி இருட்டறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கைக்குக் கிடைத்தது, டீச்சர் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த சுங்குடிச் சேலை. விழாவன்று காலையில் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து, குரலை உயர்த்தாமல், "சரோஜா, உன் சேலை ஒண்ணு கொடேன். என்னுது முளைச்சிருச்சு" என்றார்.

அந்தப் பால் பொல்லாதது. தினமும் அதைத் தொட்டுத் தொட்டு சாரின் விரல் நுனித் தோல் உரிந்து வழவழப்பாகிவிட்டது. சரோஜா பதறிப்போய், "என்னங்க சார், மருந்து போடக்கூடாதா?" என்று கேட்டாள். அவர் பத்து விரல்களையும் விரித்து, மோதிரம் போட்டுப் பார்க்கிற மணப்பெண் மாதிரி ரசித்துக்கொண்டே, "என்சைம் வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிட ப்ரூஃப் வேணுமா அம்மா?" என்றார்.

நானும் அவரும் காலையில் ஒரே மின்சார ரயிலில் போவோம். அவர் கிண்டியில் இறங்குவார். நான் பீச் ஸ்டேஷன் வரைக்கும். அந்த ரயிலில் தாம்பரத்தில் ஏறினாலும் உட்கார இடம் கிடைப்பது ஆண்டவன் செயல். ஆனால் சாருக்கு எப்போதும் இடம் கிடைக்கும். காரணம் அவர் மடியில் வைத்திருக்கும் அலுமினிய டப்பா. உள்ளே ஏ, பி என்று சீட்டு ஒட்டிய இரண்டு பொட்டலங்களில் கோழி எச்சம். வேலை முடிந்தபின் மேலதிகாரியின் அனுமதியோடு அதைச் சோதித்து, எவ்வளவு புரோட்டீன் வீணாகப் போயிருக்கிறது என்று கணக்கிடுவார்.

சானடோரியத்தில் ஏறுகிறவர் ஒருவர் மூக்கைச் சுளிப்பார். குரோம்பேட்டையில் ஜன்னலைத் திறப்பார்கள். பல்லாவரத்தில் யாராவது, "இன்னா சார் அது, வாசனை ஒரு மாதிரி கீது?" என்று கேட்டே விடுவார்கள். சார் டப்பாவைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து, விளக்கம் சொல்லத் தொடங்குவார். மீனம்பாக்கம் வருவதற்குள் எங்கள் இருக்கையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்போம். ஒரு நாள் டிக்கெட் பரிசோதகர் சந்தேகப்பட்டு அதைத் திறக்கச் சொன்னார். அன்று முதல் அவர் எங்கள் பெட்டியை வெளியிலிருந்தே பரிசோதித்துக்கொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கோடையில் சார் முப்பது குஞ்சுகள் வாங்கி வந்தார். கொட்டகையை நடுவில் கம்பி வலை போட்டுத் தடுத்து, பதினைந்து இந்தப் பக்கம், பதினைந்து அந்தப் பக்கம் விட்டார். ஏ கூண்டுக்குப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் முறைப்படி கலந்த தீவனம். பி கூண்டுக்கு அவை இரண்டும் பாதி. மீதிக்குச் சோளமும் தவிடும். அதோடு அவருடைய பொடி. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், ஒவ்வொரு கோழியாகக் காலைக் கட்டித் தராசில் தொங்கவிட்டு நோட்டில் எழுதுவார். தெருவே வந்து நின்று பார்க்கும்.

சார் ஏ, பி என்றுதான் எழுதினார். ஆனால் முதல் வாரத்திலேயே தெரு வேறு பெயர் வைத்துவிட்டது. ஏ, பணக்காரக் கூண்டு. பி, ஏழைக் கூண்டு.

இரண்டு வாரங்கள் ஏழைக் கூண்டு பின்தங்கியே இருந்தது. குஞ்சுகள் வலைக்கு அந்தப் பக்கம் கருவாட்டு வாசனை வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நிற்கும். பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். "பொறுங்க, என்சைம் செட் ஆகணும்" என்றார் சார்.

மூன்றாம் வாரம் ஏழைக் கூண்டு சமமாக வந்தது. நான்காம் வாரம் முந்தியது. ஆறாம் வாரம் பணக்காரக் கூண்டைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. சார் ஒரே கோழியை மூன்று தடவை எடை போட்டார். பிறகு தராசையே சந்தேகப்பட்டு, கடையிலிருந்து வேறு தராசு வாங்கி வந்து போட்டுப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது.

செய்தி பொத்தேரி வரைக்கும் போயிற்று. அங்கே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்தில் கோழிப் பண்ணை வைத்திருந்தார். சர்வீஸ் முடிந்து வந்தவருக்கு அந்தப் பண்ணைதான் எல்லாம். முந்தின தடவை தீவனம் வாங்கி மாளாமல் பாதியிலேயே கோழிகளை விற்றுத் தள்ளியவர். இன்னொரு தடவை அப்படி நடந்தால் கொட்டகையைப் பிரித்துவிட்டு எங்காவது வாட்ச்மேன் வேலைக்குப் போகவேண்டியதுதான் என்ற நிலை. அவர் சைக்கிளிலேயே வந்து இறங்கினார். தானே கோழிகளைப் பிடித்து எடை பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டு சாரிடம், "அடுத்த சனிக்கிழமை எனக்கு முந்நூறு குஞ்சு வருது. எல்லாத்துக்கும் உங்க தீவனந்தான். ஃபார்முலாவை எழுதிக் குடுங்க" என்றார். சார் எழுதிக் கொடுத்தார். பொடியும் ஒரு டின் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சார் வீட்டிலிருந்து தெருவுக்கே கேசரி வந்தது. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சரோஜா தொடவில்லை.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லை என்று மனைவி சொன்னால் என்ன அர்த்தம் என்று அதற்குள் நானும் படித்திருந்தேன். காத்திருந்தேன்.

"நான்தான் போட்டேன்" என்றாள்.

"எதை?"

"நெத்திலிக் கருவாடு. அந்த ஏழைக் கூண்டுக் குஞ்சுங்களுக்கு. சார் ஆபீஸ் போனதும் தினம் ஒரு கைப்பிடி. ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். எதிர் வீட்டைப் பார்த்தேன். சார் வராந்தாவில் உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, ஏதோ பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"சரி விடு. சொல்லவேண்டாம்" என்றேன். "சந்தோஷமா இருக்கார். இருந்துட்டுப் போகட்டும். நாம சொல்லி என்ன ஆகப்போகுது?"

சரோஜா என்னையே பார்த்தாள். "அந்த மிலிட்டரிக்காரர் குஞ்சு முந்நூறு இருக்கே. அதுங்களுக்கு யார் கருவாடு போடுவாங்க?"

இரண்டு பேருமாகத் தெருவைக் கடந்து போனோம். பத்தடித் தெருதான். அன்றைக்கு மவுண்ட் ரோடு மாதிரி இருந்தது.

நான் தொண்டையைக் கனைத்து, சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். சரோஜா இடைமறித்து நேராகச் சொல்லிவிட்டாள். சார் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: "ஒரு கைப்பிடின்னா எத்தனை கிராம்?"

"தெரியாது சார்."

உள்ளே போய்த் தராசையும் கருவாட்டையும் எடுத்து வந்தார். சரோஜாவை ஒரு கைப்பிடி அள்ளச் சொன்னார். எடை போட்டு எழுதினார். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் மெல்ல முன்னால் வந்தார்.

"என் கைப்பிடியையும் போட்டுக்கோங்க" என்றார்.

சார் நிமிர்ந்து பார்த்தார். "நீயுமா?"

"காலையில நீங்க குளிக்கப் போற நேரம். பொட்டுக்கடலை. ஞாயிற்றுக்கிழமைன்னா மிச்ச மீன். வேணும்னு செய்யலைங்க. என் முகத்தையே பார்க்குதுங்க."

இரண்டாவது கைப்பிடியும் தராசில் ஏறியது. அந்த நேரத்தில்தான் பால் ஊற்ற வந்தாள் கன்னியம்மா. என்ன நடக்கிறது என்று கேட்டாள். சொன்னோம். தூக்குச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இம்மாம் பேஜாரு இதுக்கா? நானுந்தான் போட்டேன். மாட்டுக்கு வச்சிருந்த புண்ணாக்கு. நீயே ரெண்டா பிரிச்சி ஒண்ணுக்குக் கருவாடு, ஒண்ணுக்கு வெறுந்தவுடுன்னு வச்சிருக்கே. ஊரே அத்த ஏழைக் கூண்டுன்னுது. பாத்துகினு சும்மா போவ மனசு வருமா சார்?"

கன்னியம்மாவின் கை பெரிய கை. எடை போட்ட மூன்று கைப்பிடிகளில் அதுதான் கனம்.

சார் கூட்டினார், கழித்தார், வகுத்தார். நாங்கள் நான்கு பேரும் தலைமையாசிரியர் அறையில் நிற்பது போல நின்றோம். கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "ஏ கூண்டைவிட பி கூண்டுதான் அதிகப் புரோட்டீன் சாப்பிட்டிருக்கு."

அவர் நோட்டைப் பிரித்து, அந்த ஆறு வாரத்துப் பக்கங்கள் எல்லாவற்றின் மேலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கடைசிப் பக்கத்தில் பரிசோதனை செல்லாததற்குக் காரணம் எழுதவேண்டிய இடம் ஒன்று வைத்திருந்தார். வியாதி, எலி, மழை, தராசுக் கோளாறு என்று எதற்கும் தயாராக இருந்த மனிதர். அதில் ஒரே ஒரு சொல் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'இரக்கம்' என்று இருந்தது.

பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "சுபேதார்" என்றார். "குஞ்சு இன்னிக்கே இறங்கியிருக்குமே."

மறுநாள் ஞாயிறு. வாழ்க்கையில் முதல் தடவையாக சார் கோவிலுக்குப் போகவில்லை. செங்கல்பட்டு போகும் முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். டீச்சரும் சரோஜாவும் வருகிறோம் என்றார்கள். தப்பு தன்னுடையது என்று சொல்லி அவர் விடவில்லை. என்னை ஏன் விட்டார் என்றால், நான் கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டேன். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, சொல்லவேண்டியதை முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஊருக்கும் வாக்கியம் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

பொத்தேரியில் இறங்கி நடந்தால், பண்ணை வாசலில் புதிதாக ஒரு பலகை. 'விஞ்ஞானத் தீவனத்தில் வளரும் கோழிகள்' என்று சிவப்பில் எழுதி இன்னும் பெயிண்ட் காயவில்லை. பலகையைப் பார்த்ததும் சார் நின்றுவிட்டார். சுபேதார் உள்ளிருந்து வந்து இழுக்காத குறையாக அழைத்துப்போய், முந்நூறு மஞ்சள் குஞ்சுகளையும் காட்டி, நாற்காலி போட்டு, டீயும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். டீ வந்தது. சார் டம்ளரைக் கையில் எடுக்கவில்லை.

"நான் சொன்னது தப்பு" என்றார்.

இவ்வளவு தூரம் ஒத்திகை பார்த்ததில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"எது தப்பு?"

"பாதியாக் குறைக்கலாம்னு சொன்னேன். அது நிச்சயமில்லை. எங்க கோழிங்களுக்குத் தெருவே தீனி போட்டிருக்கு, எனக்குத் தெரியாம. என்சைம் வேலை செய்யும். ஆனா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. இந்தத் தீவனத்தைக் குடுக்காதீங்க. ஏற்கெனவே கலந்து வச்ச தீவனத்துக்கு வேணுங்கற கருவாட்டுத் தூளை நான் கொண்டுவந்து சேர்த்துடறேன்."

சுபேதார் எழுந்து நின்றார். நல்ல உயரம். நான் வாசலுக்கு எத்தனை அடி என்று கண்ணால் அளந்துகொண்டேன்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலம் தெரிஞ்சு, இன்னிக்குக் காலையில வந்து நிக்கறீங்க."

"முதல் பஸ் அஞ்சரைக்குத்தான்" என்றார் சார், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பது போல.

சுபேதார் கொட்டகைப் பக்கம் திரும்பினார். "சர்வீஸ்ல நான் எத்தனையோ ஆபீசர்களைப் பார்த்திருக்கேன். தப்பா ஆர்டர் போட்டுட்டு, மறுநாள் காலையில தானா வந்து தப்புன்னு சொன்ன ஆள் ஒருத்தர் கூட இல்லை" என்றார். பிறகு உட்கார்ந்து, "டீயைக் குடிங்க. ஆறுது" என்றார்.

அந்த டீ முடிவதற்குள் திட்டம் போட்டுவிட்டார்கள். முந்நூறையும் மூன்றாகப் பிரிப்பது. நூறுக்கு முழுத் தீவனம். நூறுக்குப் புரோட்டீனைக் கொஞ்சமாகக் குறைத்து, பொடி. கடைசி நூறுக்கு சாரின் பழைய பாதிக் கணக்கும் பொடியும். கடைசி நூறு வேண்டாம் என்று சார் எவ்வளவோ சொன்னார். சுபேதார், "தெரிஞ்சுக்கணும்னா முழுசாத் தெரிஞ்சுக்கணும்" என்று முடித்துவிட்டார். ஞாயிறு தோறும் காலை ஏழு மணிக்கு சார் தராசோடு ஆஜராகவேண்டும் என்று உத்தரவு.

காவல் விஷயத்தில் சுபேதாரிடம் ராணுவம் அப்படியே இருந்தது. கொட்டகைக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். ஒரு ஞாயிறு சரோஜாவும் டீச்சரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாசலிலேயே நிறுத்தி, இரண்டு பேரின் கைப்பையையும் திறந்து காட்டச் சொன்னார். சரோஜாவின் பையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. பஸ்ஸில் கொறிக்க வாங்கியது என்று சத்தியம் செய்தாள். அவர் நம்பவில்லை. சத்தியமாக நானும் நம்பவில்லை.

எட்டு வாரம் சார் ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஆராதனைக்குச் சாயங்காலம் போகத் தொடங்கினார். ஆண்டவரும் கோழிகளும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டதாக டீச்சர் சொல்வார்.

கடைசி ஞாயிறு கணக்கு வந்தது. பாதியாகக் குறைத்த நூறும் மெலிந்து நின்றன. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கொஞ்சமாகக் குறைத்துப் பொடி சேர்த்த நூறும், முழுத் தீவனம் தின்ற நூறும் எடையில் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தன. சார் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாதின்னு நினைச்சேன்" என்றார். "கொஞ்சந்தான் குறைக்க முடியுது."

"அந்தக் கொஞ்சம் போதும் சார்" என்றார் சுபேதார். "ஒரு கோழிக்கு அது கொஞ்சம். எனக்கு முந்நூறு கோழி. நான் கொட்டகையைப் பிரிக்கவேண்டாம், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு ஏதோ வேலை இருப்பது போல எழுந்து, பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் தராசைக் கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சாரைக் காணோம். கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். மெலிந்த கூண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நல்ல தீவனத்தை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கோட்டெல்லாம் கருவாட்டுத் தூள். என்னைப் பார்த்ததும் கையை மறைத்துக்கொண்டார்.

"எடை போட்டாச்சு" என்றார். "பரிசோதனை முடிஞ்சு போச்சு. இனிமே தப்பில்லை."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமாகப் போட்டோம்.

அவர் எழுதி அனுப்பிய கட்டுரையை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. முடிவு போதிய அளவு வியப்பாக இல்லை என்று ஒருவர் பதில் எழுதினாராம். சார் அதைப் படித்துவிட்டு, "உண்மையா இருந்தா வியப்பா இருக்காதா?" என்று என்னிடம் கேட்டார். ஆனால் சுபேதாரின் பண்ணையைப் பார்த்து, கூடுவாஞ்சேரி வரைக்கும் நாலைந்து பண்ணைக்காரர்கள் அந்தக் கணக்கை எழுதி வாங்கிப் போனார்கள். அந்த வட்டாரத்துப் பப்பாளிக் காய்களும் கீறல் வாங்கத் தொடங்கின.

சில வருஷங்கள் கழித்து எனக்கு மாற்றலாகி நாங்கள் வேறு ஊருக்குப் போனோம். சார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் டீச்சரோடு பொத்தேரிக்கே குடிபோய்விட்டதாகக் கடிதம் வந்தது. சுபேதார் பண்ணைக்கு அடுத்த மனையாம். கடிதத்தில் எங்கள் நலம் விசாரித்தது இரண்டு வரி, கோழிகளின் நலம் மூன்று பக்கம். பிறகு டீச்சர் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

இப்போதும் எங்காவது போய்விட்டு அந்தச் சாலை வழியாக வரும்போது, பொத்தேரி நெருங்கினால் சரோஜா பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு என்னை நகரச் சொல்லி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்வாள். பண்ணை இருந்த இடத்தில் அவள் பார்ப்பதற்கு இப்போது ஒன்றும் இல்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் வருவேன்.